முதற் கேள்விக்கு விடை சொல்வது யார்?

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளை இயக்கினால் திரையில் இரண்டு வாயில்கள் தெரியும். ஒன்று பலருக்கும் பழக்கமான விண்டோஸ். மற்றொன்று ‘பாஸ்’ லினக்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இந்த இயக்க முறைமையை யாரும் படியெடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். விலையும் இல்லை, தடையும் இல்லை.

அம்மடிக்கணினிகளைப் பெற்ற மாணவர் பலர் பின்னர்ச் சங்கரன்கோவிலில் என் இயற்பியல் வகுப்புக்கு வந்து சேர்ந்தனர். “இரண்டாவது வாயிலைத் திறந்து பார்த்ததுண்டா?” என்று அவர்களைக் கேட்பது என் வழக்கம். “ஒரு தடவ தொறந்தோம் சார். ஒண்ணும் புரியல. மூடிட்டோம்” என்பதே பெரும்பாலும் வரும் விடை. “யாரிடமாவது கேட்டிருக்கலாமே?” என்றால், “யார்ட்ட சார் கேக்க?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மென்பொருள் வீடு தேடி வந்தது. அதன் உட்பகுதி திறந்தே கிடந்தது. மாணவரிடம் ஆர்வமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: முதற் கேள்விக்கு விடை சொல்ல, அருகில் ஒரு மனிதர். அப்படிப்பட்ட மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அவர்களை ஒரு குழுவாகச் சேர்ப்பது எப்படி? சேர்த்த குழு கலையாமல் காப்பது எப்படி? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சுற்றுப்படம் ஒட்டிய வானொலிப் பெட்டி

முதலில், கட்டற்ற மென்பொருள் என்பது யாது எனத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய வால்வு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்தில் மின்சுற்றுப் படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பெட்டி பழுதானால், ஊரிலுள்ள எந்தத் தொழில்நுட்பரும் அப்படத்தைப் பார்த்துப் பழுதை நீக்கலாம். கெட்டிக்காரராக இருந்தால் சுற்றையே மேம்படுத்தவும் செய்யலாம். கணிப்பொறிக்குள் இயங்கும் மென்பொருளுக்கும் இவ்வாறு ஒரு சுற்றுப்படம் உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். நிரலர் எழுதியதும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியதும் அதுவே. மூலநிரலை மறைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்பது ஒரு முறை. மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்து, பயன்படுத்தவும், ஆராயவும், பிறருக்குப் பகிரவும், திருத்தி வெளியிடவும் உரிமை தருவது மற்றொரு முறை. பின்னதையே கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் ‘குனு’ திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் ஓர் இயக்க முறைமை பற்றி மற்றவர்களுக்கு அறிவித்து, அவர்களின் கருத்துகளைக் கேட்டார். லினக்ஸ் பிறந்த கதை இதுதான். இன்று ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் அடித்தளத்திலும், இணையத்தின் பெரும்பாலான வழங்கிக் கணிப்பொறிகளிலும், உலகின் அதிவேகக் கணிப்பொறிகளிலும் இயங்குவது லினக்ஸே.

அம்மாணவர் அன்று கேட்டபோது விடை சொல்ல ஆட்கள் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கேட்ட கேள்வி காற்றில் கரைந்திருந்தால், அவர் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கவும் கூடும்.

நகரத் தொடங்கும்வரைதான் கடினம்

சேற்றில் சக்கரம் புதைந்த மாட்டுவண்டியை நகர்த்தும்போது முதல் அடிதான் பெரும்பாடு. உருளத் தொடங்கிவிட்டால் மாடுகளே இழுத்துச் சென்றுவிடும். உராய்வு பற்றிய பாடத்தில் இதனை ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு என்று பிரித்துக் கற்பிக்கிறோம். ஓய்வில் இருக்கும் பொருளை நகரச் செய்வதற்குத் தேவைப்படும் விசை, நகரும் பொருளை நகர்ந்துகொண்டே இருக்கச் செய்வதற்குத் தேவைப்படும் விசையைவிடப் பொதுவாக மிகுதி.

கட்டற்ற மென்பொருளுக்குள் நுழையும் புதியவருக்கும் இத்தகைய ஓய்வுநிலை உராய்வு உண்டு. மூலநிரலைத் தம் கணிப்பொறிக்குக் கொண்டுவர வேண்டும். அதனை இயங்கும் வடிவமாகத் தொகுக்க வேண்டும். அதற்குத் தேவையான துணைக்கருவிகள் இல்லையென்றால் திரை முழுவதும் பிழைச் செய்திகள் வந்து நிறையும். திருத்தங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ என்னும் கருவியைப் பழக வேண்டும். இதுவும் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியதே. இத்தனைக்கும் மேலாக, முன்பின் அறியாதவர் பலர் படிக்கும் இடத்தில், ஆங்கிலத்தில், தம் ஐயத்தை எழுதிக் கேட்க வேண்டும். தமிழ் வழியில் படித்த மாணவருக்கு இந்தக் கடைசிப் படியே எல்லாவற்றினும் உயரமானது. நிரலில் வரும் பிழைக்கு அவர் அஞ்சுவதில்லை. தம் ஆங்கிலத்தில் வரும் பிழைக்கு அஞ்சுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவர் ஒருவர் மென்பொருள் ஒன்றின் விளக்கக் குறிப்பில் ஒரு தவற்றைக் கண்டார். இரண்டு நாள் முயன்று அதைத் திருத்தினார். நான் ஆங்கிலத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன். திருத்தத்தை அனுப்பினோம். ஒரு வாரம் சென்றது; ஒரு திங்கள் சென்றது. ஏற்கிறோம் என்றும் இல்லை, மறுக்கிறோம் என்றும் இல்லை. தேர்வு வந்தது, அவர் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார். அத்திருத்தம் சரியானதுதான் என்று நான் பலமுறை சொன்னேன். “சரியா இருந்தா ஏன் சார் பதில் வரல?” என்றார். என்னிடம் விடை இல்லை. வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் தோள் கொடுக்க ஆளில்லாமற் போனால், அடுத்த முறை மாட்டைப் பூட்டவே மனம் வராது.

மூத்தவர் ஏன் பதில் எழுதுவதில்லை?

இதைக் கேட்டதும் மூத்த நிரலர்கள்மீது நமக்குச் சினம் வரலாம். ஆனால் அவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருட் பணியொன்றை நடத்திய பிரடெரிக் புரூக்ஸ், 1975-இல் வெளியான தம் நூலில் வியப்பான ஓர் உண்மையை எடுத்துரைத்தார். காலம் தாழ்ந்துவிட்ட மென்பொருட் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால், அது இன்னும் காலம் தாழும் என்பதே அது. காரணங்கள் முக்கியமாக இரண்டு. புதியவருக்குக் கற்பிக்க மூத்தவர் தம் வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. ஆட்கள் கூடக் கூட, அவர்களுக்கிடையே நடக்க வேண்டிய பேச்சுகள் பன்மடங்கு பெருகுகின்றன என்பது மற்றொன்று.

இரண்டாவதை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு குழுவில் n பேர் இருந்து, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டியிருந்தால், பேச்சு வழிகளின் எண்ணிக்கை n(n−1)/2 ஆகும். 4 பேருக்கு 6 வழிகள். 10 பேருக்கு 45. 40 பேருக்கு 780! அதே 40 பேரை ஐவர் ஐவராக 8 குழுக்களாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவிலும் 10 வழிகள், ஆக 80. குழுவுக்கு ஒருவராக 8 தலைவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 28. மொத்தம் 108 மட்டுமே. ஆட்களில் ஒருவரையும் குறைக்கவில்லை; அடுக்கிய முறையை மாற்றினோம், அவ்வளவே. ‘குழு அமைத்தல்’ என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுதான். நூறு பேரை ஒரே அரங்கில் உட்கார வைப்பது கூட்டம். ஐவருக்கு ஒருவர் பொறுப்பு என்று வகுப்பது அமைப்பு.

மூத்தவர் தனித்து விடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. ‘எக்ஸ்-இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். எண்ணற்ற லினக்ஸ் கணிப்பொறிகளில் ஓசையின்றிப் பணியாற்றுவது. அதனை லாசே காலின் என்பவர் பல ஆண்டுகள் ஊதியமின்றி, ஏறத்தாழத் தனியாளாகவே பேணி வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் நெருக்கினர். உதவுவதாக வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, 2024-இன் தொடக்கத்தில் அம்மென்பொருளுக்குள் ஒரு கள்ள வாயிலை மறைத்து வைத்தார். ஆண்ட்ரஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அந்த அரை வினாடியின் காரணத்தை விடாமல் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று சூழ்ச்சியை உலகுக்கு அறிவித்தார். ஆய்வுக்கூடத்தில் அளவீட்டில் வரும் சிறு வேறுபாட்டை ‘கருவிப் பிழை’ என்று தள்ளிவிடும் மாணவர்களுக்கு நான் இக்கதையைத் தவறாமல் சொல்வதுண்டு.

புதியவரை நம்பக் கூடாது என்பதன்று இதன் பாடம். ஒரே மனிதரின் தோளில் உலகின் சுமையை ஏற்றிவிட்டு, அவருக்குத் துணையை உருவாக்காமல் இருந்தது பிழை என்பதே பாடம். பலர் சேர்ந்து பார்க்கும் இடத்தில், வருபவரும் வளர்வார்; வரும் தவறும் பிடிபடும். ஆகவே புதியவருக்கு வழிகாட்டுவது அவருக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று. எல்லாரும் பயன்படுத்தும் மென்பொருளுக்குச் செய்யும் காவலும் ஆகும்.

தமிழகத்திலும் பிற இடங்களிலும்

இத்தகைய குழுக்கள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. சென்னையில் 1990-களின் பிற்பகுதியிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று தோன்றியது. நெடுங்காலமாக அதன் கூட்டம் திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்துவந்தது. யாரும் வரலாம், கட்டணமில்லை. நாளும் இடமும் மாறாதிருந்ததே அக்குழுவின் பெரிய வலிமை என்று எனக்குத் தோன்றுகிறது. அழைப்பிதழ் கிடைக்காதவரும், சென்ற கூட்டத்தைத் தவறவிட்டவரும் அடுத்த கூட்டத்திற்கு வழி தெரிந்து வரலாம் அல்லவா?

மொழி என்னும் படியைத் தாழ்த்தியவர்களும் உண்டு. 2012-இல் ‘கணியம்’ என்ற மின்னிதழ் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை எளிய தமிழில், யாரும் பகிர்ந்துகொள்ளும் உரிமையுடன் அது வெளியிட்டது. த. சீனிவாசனும் து. நித்யாவும் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எழுதிய கணிப்பொறி நூல்களைப் பல மாணவர்கள் படித்திருப்பர். நூல் என்பது இரவு பதினொரு மணிக்கும் விடை சொல்லும் வழிகாட்டி அல்லவா?

ஆனால் சென்னைக் கூட்டத்திற்குச் செல்ல, எங்கள் ஊர் மாணவர் பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். சிற்றூர்களுக்கு அருகிலேயே குழு வேண்டும். இவ்வகையில் எனக்கு ஊக்கமளித்தது விழுப்புரம் குனு-லினக்ஸ் பயனர் குழுவாகும். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய அக்குழு, பெருநகரமல்லாத ஓர் ஊரில், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தொழில்நுட்பப் பயிற்சி அளித்து வருகிறது. பயிற்சி தருவோர் தன்னார்வலர்கள். பெரிய நிறுவனங்கள் நிறைந்த ஊரில்தான் இது இயலும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு விழுப்புரம் சான்று.

எங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடக்கிறது. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் அமைப்பு, பள்ளிதோறும் மாணவர்களையே தொழில்நுட்பத் துணைவர்களாக்குகிறது. மலையாளக் கணிமைக்காக 2002-இல் தோன்றிய ‘சுவதந்திர மலையாளக் கணிமை’ என்ற தன்னார்வக் குழு, 2007-இல் கூகுள் நிறுவனத்தின் கோடைத் திட்டத்தில் வழிகாட்டும் அமைப்பாக இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது.

அக்கோடைத் திட்டம் பற்றியும் ஒரு சொல். 2005-இல் ஏறத்தாழ 400 மாணவர்களுடன் தொடங்கிய இது, இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட புதியவர்களைத் திறமூலப் பணிகளில் இறக்கியுள்ளது. தேர்வானவர் உடனே நிரல் எழுதத் தொடங்குவதில்லை. முதற் சில வாரங்கள் குழுவினரோடு பழகுவதற்கென்றே ஒதுக்கப்படுகின்றன. ‘அவுட்ரீச்சி’ என்ற மற்றொரு திட்டத்தில், விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஒரு சிறு பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும். அதற்கும் வழிகாட்டி உதவுவார். இத்திட்டங்களில் உதவித்தொகை உண்டு. ஆனால் பணத்தைவிட முக்கியமானது, ‘இவர் உனக்குப் பொறுப்பு’ என்று ஒருவரின் பெயரைச் சொல்லி ஒப்படைப்பதே.

தறியின் அருகே

இனி எங்கள் அனுபவத்திற்கு வருவோம். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ என்ற சிறு கருவி, இயற்பியல் ஆசிரியர் பலருக்குத் தெரிந்ததே. மின்னழுத்தத்தையும் காலத்தையும் அளந்து, கணிப்பொறித் திரையில் வரைபடமாகக் காட்டும் திறந்த கருவி அது. பைதான் மொழியில் சில வரிகள் எழுதி அதனை இயக்கலாம். அக்கருவியைக் கண்ட மாணவர் சிலர், பைதான் கற்றுத் தரும்படி கேட்டனர். சனிக்கிழமை வகுப்பு தொடங்கினேன்.

முதலாண்டு தோற்றேன். தவறு என்னுடையதே. லினக்ஸின் வரலாறு, கட்டளைகள், மொழி இலக்கணம் என்று நான்கு வாரங்கள் கரும்பலகையில் எழுதித் தள்ளினேன். இருபதுக்கு மேல் வந்தவர்கள் ஐந்தாம் வாரம் நால்வராயினர்.

இதற்கு விடை எங்கள் ஊர்த் தெருவிலேயே இருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறியின் ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. தறிக்கூடத்திற்கு வரும் புதியவருக்கு யாரும் நான்கு வாரம் நெசவு வரலாறு நடத்துவதில்லை. முதல் நாளே தார் சுற்றக் கொடுப்பார்கள். அறுந்த இழையை முடியச் சொல்வார்கள். சிறு வேலைதான், ஆனால் மெய்யான வேலை. அந்த இழை நாளை விற்கப்போகும் சேலையில் இருக்கும். பக்கத்தில் மூத்த நெசவாளி நின்றுகொண்டிருப்பார்.

மறு ஆண்டு வரிசையைத் தலைகீழாக்கினேன். முதல் வேலை, பிறகு பாடம். தமிழில் இடைமுகம் கொண்ட மென்பொருள் ஒன்றைத் திறந்து, “இதில் பிழையான தமிழ் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்றேன். அரை மணி நேரத்தில் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள், சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். “சார், இங்க ‘மின்னோட்டக் கோப்பு’ன்னு இருக்கு!” என்றார். ‘கரண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மின்னோட்டம் என்றும் பொருள், தற்போதைய என்றும் பொருள். யாரோ ஒரு தன்னார்வலர் அவசரத்தில் இயற்பியல் பாடத்துச் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டார். ‘தற்போதைய கோப்பு’ என்று இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்பு என்பது எளிய அமைப்பு உடையது. மூலத் தொடர் ஒரு வரியில். அதன் தமிழ் அடுத்த வரியில். அம்மாணவி அந்த ஒரு வரியைத் திருத்தினார். ‘கிட்’ கருவியில் பதிவு செய்வது எப்படி, இணைத்துக்கொள்ளுமாறு வேண்டுவது எப்படி என்பவற்றைக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தார். ஆறாம் நாள் ஏற்பு வந்தது. ஒரே ஒரு சொல்தான். ஆயினும் அன்று அவர் தம் வீட்டிலுள்ள மடிக்கணினியைத் திறந்து, “இது நான் எழுதினது” என்று தந்தையிடம் காட்டியதாகச் சொன்னார். அதன் பிறகு நான் நடத்திய பைதான் பாடங்களுக்கு அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

குழுவுக்குச் சில விதிகள்

இந்த அனுபவத்திலிருந்தும், மேற்கண்ட குழுக்களைப் பார்த்தும் நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள் சில உண்டு. குழு தொடங்க எண்ணும் மாணவர்களுக்கு இவை பயன்படலாம்.

முதலாவது, நாளையும் இடத்தையும் மாற்றாதிருத்தல். இருவரே வந்தாலும் கூட்டம் நடக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கேள்விக்கும் இரண்டு நாளுக்குள் ஒரு பதில். “எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்பதும் பதிலே. வெளியிலுள்ள மென்பொருட் குழு ஒரு திங்கள் மௌனமாக இருந்தாலும், நம் குழு மௌனமாக இருக்கக் கூடாது. அந்த முதல் மாணவரை நான் இழந்தது இவ்விதி இல்லாமையால்தான்.

மூன்றாவது, சிறு வேலைகளின் பட்டியல் ஒன்றை எப்போதும் வைத்திருத்தல். பல திறமூலத் திட்டங்களில் ‘புதியவருக்கு ஏற்றது’ என்று குறியிட்டுச் சில பிழைகளை ஒதுக்கி வைப்பார்கள். மூத்தவர் பத்து நிமிடத்தில் முடிக்கக் கூடிய அவ்வேலையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டுவைப்பது, பயணிக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பது போன்ற பண்பு.

நான்காவது, கேள்வியையும் விடையையும் தமிழில் எழுதி வைத்தல். ஒருவருக்குச் சொன்ன விடை ஏட்டில் ஏறினால், அடுத்த பத்துப் பேருக்கு மூத்தவரின் நேரம் மிச்சமாகும். புரூக்ஸ் சொன்ன இடர்ப்பாட்டிற்கு இதுவே மலிவான மருந்து.

ஐந்தாவது, வழிகாட்டியாக ஓராண்டு மூத்தவரையே அமர்த்துதல். ‘சார்’ என்று அழைக்கும் என்னிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை, ‘அக்கா’ என்றும் ‘அண்ணே’ என்றும் அழைப்பவரிடம் மாணவர் தயங்காமல் கேட்கிறார். சென்ற ஆண்டுதான் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவருக்கு, பள்ளம் இருக்கும் இடமும் நன்றாக நினைவிருக்கும்.

ஆறாவது, மரியாதை. “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல் எங்கள் கூட்டத்தில் தடை செய்யப்பட்டது. மாணவியர் தயக்கமின்றி வந்துபோக ஏற்ற நேரத்தில் கூட்டத்தை முடிப்பதும், ஒருவரைத் தனிப்பட்ட முறையில் தொல்லை செய்பவரை உடனே விலக்குவதும் இவ்விதியில் அடங்கும்.

பெருக்கக் காரணி

எல்லா விதிகளையும் கைக்கொண்டாலும், கல்லூரியில் தொடங்கும் குழுவுக்கு ஒரு கண்டம் உண்டு. மூன்றாண்டில் மாணவர் பட்டம் பெற்று வெளியேறுவர். சிறந்தவர்களே முதலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்வர். குழுவின் உயிராக இருந்த ஒருவர் சென்றதும் கதவு மூடப்பட்ட குழுக்கள் பல.

இதை விளங்கிக்கொள்ள, திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணு உலையை நினைத்துப் பாருங்கள். ஒரு யுரேனியக் கரு பிளவுறும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் பல உறிஞ்சப்பட்டோ தப்பியோ வீணாகின்றன. சராசரியாக ஒன்றேனும் அடுத்த கருவைப் பிளந்தால்தான் உலை அணையாமல் இருக்கும். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள இந்த விகிதத்தைப் பெருக்கக் காரணி என்பர். K என்று குறிப்பர். k = 1 என்றால் உலை நிலையாக இயங்கும். ஒன்றுக்குக் குறைந்தால் மெல்ல அணைந்துவிடும்.

குழுவுக்கும் ஒரு k உண்டு. ஒரு வழிகாட்டி, தாம் விலகிச் செல்வதற்குள், சராசரியாக எத்தனை புதிய வழிகாட்டிகளை உருவாக்குகிறார் என்பதே அது. 10 பேருடன் தொடங்கும் குழுவில் k = 0.8 என்றால், அடுத்த தலைமுறையில் 8 பேர். நான்காம் தலைமுறையில் 4 பேர். k = 1.2 என்றால் நான்காம் தலைமுறையில் ஏறத்தாழ 20 பேர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது, விளைவு எவ்வளவு பெரியது என்பதைக் கவனியுங்கள். நூறு பேருக்குக் கற்பித்த ஆசிரியர், தமக்குப் பின் ஒருவரையும் அமர்த்தவில்லையென்றால் அவருடைய k சுழியமே. ஐவருக்குக் கற்பித்து, அவருள் இருவரைக் கற்பிக்க வைத்தவரின் k இரண்டு.

அணு உலையோடு ஒப்பிடும்போது நமக்கு ஒரு வசதியும் உண்டு. உலையை விட்டுத் தப்பிய நியூட்ரான் திரும்பி வருவதில்லை. வெளியூர் சென்ற மாணவரோ தொலைபேசியில் வருகிறார். பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் ஊருக்கு வரும்போது நேரிலும் வந்து ஒரு மணி நேரம் உட்காருகிறார். சென்றவரைக் கணக்கிலிருந்து நீக்காமல், வாரத்தில் ஒரு கேள்விக்கேனும் விடை சொல்லும் பொறுப்பைக் கொடுத்து வைத்தால், இழப்பு பாதியாகக் குறையும்.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பதினொரு பேர் கூடுகிறார்கள். பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து புதியவர்களுக்குக் ‘கிட்’ கருவியைச் சொல்லிக் கொடுப்பவர், ‘மின்னோட்டக் கோப்பை’த் திருத்திய அதே மாணவிதான். நான் பெரும்பாலும் பின்னால் ஒரு நாற்காலியில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு அவரும் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். அவர் இடத்தில் யார் அமர்வது என்பதை இப்போதே அவர் தேடத் தொடங்கிவிட்டார்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் மூடிக் கிடக்கும் மடிக்கணினிகள் இருக்கும். அவற்றின் இரண்டாவது வாயிலைத் திறந்து பார்த்துவிட்டு, “யார்ட்ட கேக்க?” என்று நிற்கும் ஒருவரும் இருப்பார். எல்லாம் கற்று முடித்த பிறகு உதவலாம் என்று காத்திருக்க வேண்டா. அவரைவிட ஒரு படி முன்னால் நீங்கள் இருந்தால் அதுவே போதும். ஒரு நாளையும் ஓர் இடத்தையும் குறித்து, “என்னிடம் கேள்” என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததை இருவரும் சேர்ந்து தேடலாம்.